சீனி வருத்தம்

கப்பலேறி வந்து, பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஓர் அறை கிடைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. என் மகளுக்கு ஊசி மருந்து தீர்ந்துபோயிற்று. ஒன்பது வயசு. தினமும் போடவேண்டும் என்று சிலோன் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட மருந்து. மருந்துச் சீட்டும் வந்திறங்கின முகாமில் தொலைந்துவிட்டது. மறுநாளே செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். கன்னம் ஒட்டிப்போயிற்று.

தோட்டத்துக் கம்பவுண்டரிடம் கூட்டிப்போனேன்.

"பிள்ளைக்கு சீனி வருத்தமுங்க ஐயா. ஊசி போடணும்."

எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். அவருக்கு அது மனக்கவலை.

"சீனி கெடைக்கலீன்னு புள்ளைக்கு வருத்தமா? ரேஷன் கடையில போயி அழச் சொல்லுங்க!"

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். "புள்ளைக்குக் கெறக்கந்தான், அதுக்கு ஊசி எதுக்குங்க, இந்தப் பவுடரக் கரைச்சுக் குடுங்க" என்று ஒரு டப்பாவை நீட்டினார்.

இன்னொரு தரம் விளக்கியிருக்க வேண்டும். சிரித்தவர்கள் முன்னால் வாய் திறக்க என் ரோஷம் விடவில்லை. அது என் தப்பு, இன்னொருவர் தலையில் போடமாட்டேன்.

கரைத்துக் கொடுத்தேன். பாதி டம்ளரில் நிமிர்ந்து, "இனிக்குதும்மா" என்றாள்.

டம்ளரைப் பிடுங்கினேன். டப்பாவில் இருந்த எழுத்து எனக்கு எழுத்தாகவே தெரியவில்லை. மத்தியானத்துக்குள் வாந்தி. மூச்சு இழுத்து இழுத்து வந்தது, அதில் அழுகின பழ வாடை. கூப்பிட்டால் கண் மட்டும் செருகியது. தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, கொழுந்து லாரியை மறித்தேன். டிரைவர் மலையாளத்துக்காரர். "கேறு அம்மே, வேகம்" என்று ஏறக் கதவைத் திறந்துவிட்டார். கூடலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் மூச்சைத்தான் எண்ணிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா குனிந்து மோந்து பார்த்ததும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார். ஊசியும் ஏற்றி, சொட்டுச் சொட்டாக இறங்கும் ஒரு பாட்டிலும் மாட்டினார்கள். டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"இவளுக்குச் சின்னதுல நான் சீனி குடுத்துத்தான் இது வந்துச்சுன்னு லயத்துல சொல்றாங்க. மெய்யாங்க?"

"இல்லீங்கம்மா. கிருமி வந்தா அடிக்க ஒடம்புக்குள்ள காவக்காரங்க இருக்காங்க. அவிங்க மீறிப்போகாம அடக்கி வெக்கவும் ஆளுங்க உண்டு. அடக்கறவங்க அசந்துட்டா, காவக்காரன் சொந்த ஊட்டையே அடிச்சு நொறுக்கிருவான். இன்சுலின் சொரக்கிற எடத்த அப்படித்தான் அழிச்சிருக்கான். ஏன் அசந்தாங்கன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாதுங்க. ஊசி நின்னதாலதான் இன்னிக்கு இப்படி. அந்த குளுகோஸ் பவுடரு அதைக் கூட்டிருச்சு."

"அவனைப் புடிச்சு அடக்க மருந்து இல்லீங்களா?"

"இன்னும் இல்லீங்க. அந்த எடம் சொரந்ததை ஊசியில குடுக்கலாம். ஆயுசுக்கும்."

மறுபடியும் அவள் மூச்சை எண்ணத் தொடங்கினேன். ஜன்னலில் மூடுபனி ஏறி, விளக்குப் போட்டார்கள். அப்புறம்தான் மூச்சு இழுப்பு மட்டுப்பட்டது. அவள் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

இரண்டு நாள் கழித்து நர்ஸம்மா ஊசியோடு வந்தார். "ஊட்டுல யாருங்க போடுவாங்க? படிச்சவங்க இருக்காங்களா?"

"படிப்பு இல்லீங்க. ஊசியில கோடு பார்க்கத் தெரியும், சிலோன்லயும் நாந்தான் போட்டேன். குடுங்க."

மருந்தைக் கோடு வரைக்கும் இழுத்தேன். மகள் தன் சட்டையைத் தானே தூக்கிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"சீக்கிரம்மா" என்றாள்.

குத்தினேன்.