இருக்கேன் என்று சொன்ன வாய்

தொண்ணூற்றிரண்டு வயதில் இப்படி நடக்கிற மனிதரை ஹுவாலியன் படைவீரர் இல்லத்தில் யாரும் பார்த்ததில்லை. கைத்தடி கிடையாது. படியேறினால் மூச்சு வாங்காது. பல்லில் முக்கால்வாசி சொந்தம். போன வருஷம் லுவான் தெஹாய்க்கு இல்லத்துத் தலைவர் சிவப்பு நாடா குத்தி, இந்த ஆரோக்கியத்தின் ரகசியம் என்ன என்று மேடையில் கேட்டார்.

"பூண்டு," என்றார் லுவான். எல்லோரும் கைதட்டினார்கள்.

பூண்டாவது ஒன்றாவது. மனிதருக்கு எண்பத்து நாலுதான். தொண்ணூற்றிரண்டு, அவர் சுமக்கிற பெயருக்கு ஆகிற வயது. அந்தப் பெயர் அவருடையதும் இல்லை.

ஒரு காலத்தில் முன்னூறு கட்டில் நிறைந்திருந்த இடம். சீனத்து உள்நாட்டுப் போரில் தோற்றுக் கப்பலேறித் தைவானுக்கு வந்தவர்கள். மிச்சம் இப்போது இரண்டே பேர், லுவானும் பக்கத்துக் கட்டில் மெங்கும். ஒரே படை, சீனாவில் ஒரே ஷாண்டோங் மண். மருந்துக்குப் பெயர் கூப்பிட்டால்கூட, அணிவகுப்பில் நிற்கிற மாதிரி "இருக்கேன்!" என்று இரண்டு பேரும் கத்துவார்கள். நர்ஸ் பெண்களுக்கு அது தினமும் ஒரு வேடிக்கை.

"ஊர்லேருந்து பொண்ணு வருதாமே," என்றார் மெங், காலைக் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே. "பெத்த வலியும் இல்ல, வளர்த்த செலவும் இல்ல, எழுபதைத் தொடுற பொண்ணு சும்மா கிடைக்குது. தலையைத் தடவி ரெண்டு வார்த்தை பேசி அனுப்புடா."

"அவ என் பொண்ணு இல்லடா."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூணாவதா தெரிஞ்சவன் மண்ணுக்குள்ள கெடக்கான். அவனா வந்து சாட்சி சொல்லப் போறான்?"

லுவான் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

பதினாறு வயதில் அவர் பெயர் ஃபான் மான்சாங். நிலக்கடலை விதைத்துக்கொண்டிருந்தவனை வயலிலிருந்தே சிப்பாய்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். முந்தின இரவு தப்பி ஓடிய சிப்பாய் ஒருவனைச் சுட்டு, மாவரைக்கும் கொட்டகைச் சுவரோரம் போட்டிருந்தார்கள். அன்று மேலதிகாரி தலை எண்ண வருகிற நாள். ஒரு தலை குறைந்தால் அந்தத் தலைக்கு வருகிற அரிசியும் குறையும். அந்தப் படையில் இது புதுசில்லை, ஆள் போனாலும் பெயர் போகாது, கையில் அகப்பட்டவனைப் பெயருக்குள் தள்ளிவிடுவார்கள்.

"லுவான் தெஹாய்னு கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லு. வாய் வரலேன்னா அதே சுவர்தான்," என்றார் கேப்டன்.

வெறுங்காலோடு இருந்தவனை, செத்தவன் காலிலிருந்து துணிச் செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். புதுச் செருப்பு, அடியெல்லாம் பொடிப்பொடியாகக் கைத்தையல். அளவு சரியாக இருந்தது. சரியாக இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன் காலைப் பார்க்கவே கூசும்.

அதுகூடப் போகட்டும், அறியாத வயசு, துப்பாக்கி முனை. மனசை அரிப்பது அதற்கு நாற்பது வருஷம் கழித்து, யாரும் மிரட்டாமலே செய்தது. ஊருக்குப் போய் வரலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்ததும் மெங் முதல் ஆளாகப் போய் வந்தார். "லுவான் தெஹாய் பொண்டாட்டி உசுரோட இருக்கா. ஆளு இருக்காரான்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டா. நான் ஒண்ணும் சொல்லல," என்றார்.

செத்துவிட்டான் என்று அப்போதே சொல்லியனுப்பியிருக்கலாம். சொன்னால் பெயர் போகும், பெயர் போனால் கட்டிலும் சோறும் போகும் என்று பயம். தன் சொந்த ஊருக்கே அவர் போகவில்லை, எந்தப் பெயரோடு போவது? அந்த நாளில் ஊர் திரும்பிய கிழட்டுச் சிப்பாய்கள் எல்லோரும் வீட்டுப் பெண்களுக்குத் தங்க மோதிரம் கொண்டு போவார்கள். இவரும் ஒன்று வாங்கி, மறுபடி புறப்பட்ட மெங்கிடம் கொடுத்துவிட்டார். பாவம், அவளுக்கும் ஏதாவது போய்ச் சேரட்டுமே என்றுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று நினைத்தார்.

முற்பகலில் அந்தப் பெண் வந்தாள், பெயர் ஃபெங்யிங். நரைத்த கட்டையான பெண்மணி. நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் மூட்டையை அவிழ்த்தாள். சிவப்பு இலந்தை பதித்த பெரிய பெரிய கோதுமை அவியல் ரொட்டிகள்.

"தின்னுங்க, அப்பா. அம்மா கைப்பக்குவம்."

மறுக்கத் தெரியாமல் ஒரு கடி கடித்துவிட்டார்.

"உங்களைத் திட்டத்தான் வந்தேன்," என்றாள் அவள். "அந்த மோதிரத்தை அம்மா ஒரு நாள்கூடப் போடல. அதுவரைக்கும் போர்ல புருஷனைப் பறிகொடுத்தவளாச்சேன்னு ஊர் அவளை மரியாதையா வச்சிருந்துச்சு. மோதிரம் வந்துச்சு, எல்லாம் போச்சு. ஆளு நல்லாத்தான் இருக்கான், அங்க ஒருத்தி இருக்கா, இவளைத் தங்கம் குடுத்துக் கழட்டி விட்டுட்டான்னு சிரிச்சாங்க. சந்தைக்குப் போறதையே நிறுத்திட்டா. சாகும்போது என்ன சொன்னா தெரியுமா? குழியில எம் பக்கத்துப் பாதியை மூடாதே, எலும்பாவாவது வருவாருன்னா. இன்னும் காலியாத்தான் கெடக்கு. எனக்குக் கோபம் தீரல. இருந்தாலும் வாங்கப்பா."

கடித்த ரொட்டி வாயிலேயே நின்றது. விழுங்க முடியவில்லை, அவள் எதிரில் துப்பவும் முடியவில்லை. பெயரைத் தின்றாயிற்று, சோற்றைத் தின்றாயிற்று, இனி அவன் குழியிலும் போய்ப் படுப்பதா? பக்கத்துக் கட்டிலில் மெங், வேண்டாம் என்பது போல இருமினார். லுவான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தன்னைவிடச் சின்னவளின் காலடியில் மண்டியிட்டார். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன.

"அம்மா, நான் உங்க அப்பா இல்ல."

எல்லாவற்றையும் சொன்னார். செருப்பைச் சொன்னார். மோதிரத்துக்குக் காரணம் சொன்னார்.

"எங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

"மாவரைக்கிற கொட்டகைச் சுவரு. அங்கேருந்து பார்த்தா உங்க ஊரு தெரியும்."

"எதுக்கு ஓடினாரு? பயந்தா?"

"பொண்டாட்டி முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சாம். ஒரு பார்வை பார்த்துட்டு விடியறதுக்குள்ள திரும்பிடறேன்னு கூட இருந்தவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போனாராம்."

ஃபெங்யிங்கின் உதடு கோணியது. "வந்துக்கிட்டுத்தான் இருந்தாரா?"

"வந்துக்கிட்டுத்தான்மா இருந்தாரு."

"அம்மாவுக்கு அது தெரியாமலே போச்சே."

"நான்தான் தெரிய விடல," என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எப்போதும் ஏதாவது சொல்லும் மெங், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் ரொட்டிகளை ஒவ்வொன்றாக மூட்டைக்குள் திரும்ப வைத்தாள். "இதெல்லாம் அவருக்குப் படைக்கணும்," என்றாள். கடித்த ஒன்றை மட்டும் கட்டில்மேல் விட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"பெரியவரே, உங்க பேரு என்ன?"

அந்தக் கேள்வியை அறுபத்தெட்டு வருஷமாக யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவர் வாயைத் திறந்தார். அதே நேரம் தாழ்வாரத்தில் மருந்து வண்டி வந்து நின்றது. நர்ஸ் பெண் உள்ளே பார்க்காமலே கூப்பிட்டாள்:

"லுவான் தெஹாய்!"

மண்டியிட்டபடியே, ஃபெங்யிங்கின் முகத்துக்கு நேராக, அவர் வாய் கத்தியது:

"இருக்கேன்!"