அக்காவின் கிணறும் மீன் முட்டைகளும்

விடிந்ததும் கிளிநொச்சிப் பல்கலைக்கழக வளாகத்து ஆய்வுகூடத்தில் விளக்கைப் போட்டால், உடம்பில் வரி போட்ட குட்டி வரிக்குதிரை மீன்கள் முட்டையிடத் தொடங்கிவிடும். அதற்காகவே தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவேன். அந்த முட்டைகள் கண்ணாடி மாதிரி. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒரே உயிர்க்கலம் இரண்டாகப் பிரிவதும், மறுநாளே குட்டி இதயம் துடிக்கத் தொடங்குவதும் அப்படியே தெரியும். சந்தேகமான மருந்து எதையும் தண்ணீரில் கலந்து, வளரும் உயிரை அது என்ன செய்கிறதென்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். வீட்டில் என்னை "மீனுக்குப் பிள்ளைப்பேறு பாக்கிற டொக்டர்" என்று நக்கலடிப்பார்கள்.

நக்கலில் முன்னுக்கு நிற்பவள் விசுவமடுவில் இருக்கும் அக்கா. வயிற்றில் பிள்ளையோடு இருந்த அவள்தான் ஒருநாள் போனில் கேட்டாள்.

"எடி, பக்கத்து மிளகாய்த் தோட்டத்துக்கு ஓயாமல் பூச்சிமருந்தடிக்கினம். எங்கட கிணத்துத் தண்ணியையும் உன்ர முட்டைக்கு விட்டுப் பாரன்."

போர் முடிந்து மீளக்குடியேறிய பிறகு அத்தான் ஆட்களோடு சேர்ந்து தானும் இறங்கி வெட்டிய கிணறு அது. அது கெட்டால் அந்தக் காணியில் அவர்களுக்கு வாழ்க்கை இல்லை.

அத்தான் பஸ்ஸில் வந்து தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தேன். சுத்தமான தண்ணீரில் விட்ட முட்டைகள் வடிவாக வளர்ந்துகொண்டிருந்தன. அக்காவின் தண்ணீரில் விட்டவை எல்லாம் வெள்ளையாகிச் செத்துக் கிடந்தன. உடனே அக்காவுக்குப் போனில் சொன்னேன். அன்றிலிருந்து கடையில் வாங்கும் பில்டர் தண்ணீர்தான். உடையார்கட்டில் அம்மா வீட்டோடு போய்விடுவதென்று உடுப்பும் அடுக்கத் தொடங்கினாள்.

என் ஆய்வை மேற்பார்வை செய்யும் மிஸ் மட்டும் இதை நம்பவில்லை. "ஒண்டும் மிஞ்சாமல் சாகிறதெண்டால் நீர் சொன்ன அந்தத் தவளையள் கிணத்துக்குள்ள எப்பிடி இருக்கும்? தண்ணியை எதில எடுத்தவை எண்டு கேட்டனீரோ?"

கேட்கவில்லை. உடனே விசுவமடுவுக்குப் போனேன். எதில் எடுத்தீர்கள் என்றதும் அக்காவுக்குப் பெருமை.

"கம்பசுக்குப் போற தண்ணியெல்லே! பொங்கலுக்கு எடுக்கிற செம்புக்குடத்தைப் புளி போட்டு மினுக்கி, இரவு முழுக்க அதில வைச்சு, விடியத்தான் போத்தலில வாத்தனான்."

நான் போட்ட கூச்சலில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. செம்பு! மனிதர் தாங்கும் அளவு செம்பு கரைந்தாலே மீன் முட்டைக்கு எமன்தான். ஆனால் ஊகத்தை நம்பி வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தண்ணீர் குடிக்கச் சொல்ல முடியுமா? கிணற்றிலிருந்து நேரே கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் எடுத்தேன். குடத்தையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "எங்க பிள்ளை, பொங்கலோ?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.

ஆய்வுகூடத்துச் சுத்தத் தண்ணீரைப் புளியால் மினுக்கிய அதே குடத்தில் ஓர் இரவு வைத்து, அதில் முட்டைகளை விட்டோம். செத்தன. நேரே எடுத்த கிணற்றுத் தண்ணீரில் விட்டவையோ துள்ளின, முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன! நான் குதித்தேன். மிஸ்ஸும் சிரித்தார், ஆனால் விடவில்லை. "மீன் பிழைச்சால் மனிசருக்கும் சரியெண்டு இல்லை. இரசாயனப் பரிசோதனைக்கும் அனுப்பும். மருந்தடிக்கிற போகங்களில திருப்பியும் பாரும்."

இரசாயனப் பரிசோதனை முடிவும் நல்லபடியாக வந்த அன்று அக்காவை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டேன். அவளுக்குக் காட்டவென்றே அவளுடைய கிணற்றுத் தண்ணீரில் புது முட்டைகளை வளர்த்து வைத்திருந்தேன். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தவள், கையை வயிற்றில் வைத்தபடி அசையாமல் நின்றாள்.

"இந்த நெஞ்சு துடிக்கிறது எங்கட தண்ணியிலயோ?"

"ஓம் அக்கா."

பையிலிருந்த பில்டர் தண்ணீர்ப் போத்தலை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"இதை நீ குடி. நான் வீட்டை போய்க் குடிக்கிறன்."