பூனைக்கு வந்த செய்தி

விடுதியில் அவளுக்குப் பெயர் துருதுரு. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு வேதியியல் படிக்கிறாள் என்று பேர். உண்மையில் அவள் படித்ததெல்லாம் தன் படங்களுக்கு எத்தனை லைக் விழுந்தது என்பதைத்தான். விழாத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. அதற்காகவே பூனைப் படம் வைத்து ஒரு போலிக் கணக்கைத் தொடங்கியிருந்தாள். என்ன படம் போட்டாலும் முதல் லைக் பூனையுடையதாக இருக்கும். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள இவ்வளவு ஏற்பாடு!

ஒருநாள் அந்தப் பூனைக்குச் செய்தி வந்ததும் துருதுருவுக்குத் தலைகால் புரியவில்லை. எழுதியவள் அவளுடைய அறைத்தோழி, எல்லோரும் அமுக்குணி என்று கூப்பிடும் பெண். பக்கத்துக் கட்டிலில் கிடந்தும் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவள், பூனையிடம் மனசைக் கொட்டினாள். போனைத் திறந்தால் வகுப்பே சிரித்துக்கொண்டிருக்கிறதாம். தான் மட்டும்தான் எதற்கும் லாயக்கில்லையாம். தன்னையும் நம்பி ஒருத்தி பேசுகிறாளே என்று துருதுரு விழுந்து விழுந்து பதில் எழுதினாள். அறையில் மட்டும் ஒன்றுமே தெரியாதவள்போல் போனில் மூழ்கிக் கிடந்தாள்.

இன்று மதியம் ஆய்வகத்தில் சோதனைக் குழாயும் கையுமாக நின்றபோது பூனைக்கு அமுக்குணியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. படிப்பை விட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போகிறாளாம், இனி வரமாட்டாளாம். துருதுரு வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். உண்மையைச் சொன்னால் மானம் கப்பலேறிவிடும், விடுதியே கைகொட்டிச் சிரிக்கும். சொல்லாவிட்டால் இவள் போயே விடுவாள்.

அறையில் அமுக்குணி பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"நில்லுடி. அந்தப் பூனை நான்தான்."

"தெரியும்."

துருதுரு வாசலிலேயே நின்றுவிட்டாள். எப்போதிலிருந்து என்று திக்கித் திணறிக் கேட்டாள்.

"முதல் நாள்லேர்ந்தே. நான் பூனைக்கு மெசேஜ் போட்டா உன் போன்தானே சிணுங்குது."

"அப்புறம் ஏன்டி அதுக்கு எழுதின?"

அமுக்குணி பூட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "உன்கிட்ட பேசினா நீ தலையைத் தூக்கறதே இல்ல. பூனைன்னா உடனே பதில் போடற."

துருதுருவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவமானம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. இவள் இன்னும் போகவில்லை என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஓடிப்போய் அந்தப் பெட்டிமேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எழுந்திருக்க மாட்டேன். முதல்லேர்ந்து சொல்லு, என் மூஞ்சியப் பாத்து சொல்லு."