பதினேழு கடிதங்களிலும் ஒரே வரி

என் கணவர் வெளிநாட்டு நீதிமன்றத்தில் இரண்டு முறை தோற்றவர். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. திருகோணமலைத் துறைமுகப் பக்கம் படகு வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்க ஆளில்லாவிட்டால் அவரே கூப்பிட்டு வைத்துச் சொல்வார். எனக்கு இந்தக் கதை கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் என் பங்கை நான்தானே சொல்ல வேண்டும்.

படகு எஞ்சினின், தண்ணீருக்குள் சுழல்கிற காற்றாடியில் அறுந்த வலையும் நைலோன் கயிறும் சுற்றிக்கொண்டால் படகு நடுக்கடலில் நின்றுவிடும். அப்படிச் சுற்ற வருவதை வெட்டித் தள்ளுகிற ஒரு வளையத்தை, லிங்கநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற பட்டறையில் அவர் செய்தார். வெளியே பார்த்தால் வெறும் இரும்பு வளையம். சூட்சுமமெல்லாம் உள்ளேயிருக்கிற சுருள்வில்லில். என்னிடமே அதன் வயிற்றைத் திறந்து காட்டாத மனுஷன்.

வெளிநாட்டில் இருக்கிற என் தம்பி, இவர் வரைந்து அனுப்பிய படத்தை வைத்து அந்த நாட்டில் அவர் பெயரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தான். கிடைத்தது. சில வருஷத்தில் அங்கேயுள்ள கம்பனி ஒன்று அதே வளையத்தை, அதே வில்லோடு விற்கத் தொடங்கியது. தம்பி சட்டத்தரணி பிடித்து வழக்குப் போட்டான். இதை இவர் செய்யவே இல்லை என்று கம்பனிக்காரர் சாதித்தார்கள்.

"அக்கா, அத்தான்தான் செய்தவர் எண்டதுக்குச் சாட்சி வேணும்" என்றான் தம்பி தொலைபேசியில்.

சாட்சிக்கா பஞ்சம்? புது எஞ்சின் என்றாலும் புதுச் சாமான் என்றாலும் எங்கள் கரையில் வெள்ளோட்டம் விடாமல் எவரும் பாவிக்க மாட்டார்கள். காப்புரிமை விண்ணப்பம் போடுவதற்கு இரண்டு மாதம் முந்தியே அந்த வளையத்துக்கும் வெள்ளோட்டம் நடந்தது. தேங்காய் உடைத்து, அவித்த கடலை கொடுத்தோம். கிண்ணியாவிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்களையெல்லாம் தேடிப் போனேன். "ஓம், பாத்தனாங்கள். எங்க வேணுமெண்டாலும் கையெழுத்து வைக்கிறம்" என்றார்கள்.

கடிதங்களை நான்தான் எழுதினேன். அரசாங்கக் கந்தோரில் முப்பது வருஷம் எழுதுவினைஞராக இருந்தவள். எங்கள் ஆட்களின் நிவாரண விண்ணப்பங்கள் எல்லாம் என் கையால் போனவை. வலை கிழிந்தது என்று எழுதினால் மேசையிலேயே கிடக்கும். முற்றாக அழிந்து போனது என்று எழுதினால்தான் நகரும். ஒரு வரி கூட்டிப் போடுவது எனக்குப் பழகிப்போன வேலை. அதனால் இதிலும் போட்டேன்: "இவர் வளையத்தைக் கழற்றி, உள்ளேயிருக்கும் சுருள்வில்லையும் எமக்குக் காட்டி விளக்கமளித்தார்." பதினேழு கடிதம். வாசித்துப் பார்க்காமலே கையெழுத்து வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் கிராம சேவகரின் முத்திரை. அடேயப்பா, எனக்கு என்ன பெருமை!

டவுனில் ஒரு சட்டத்தரணியின் அறையில் கணினிக்கு முன்னால் இவரை இருத்தி, அந்த நாட்டிலிருந்து விசாரித்தார்கள். நான் சுவரோரம் கதிரையில் இருந்தேன். கம்பனியின் சட்டத்தரணி அந்த வரியை வாசிக்க, திரையில் மொழிபெயர்ப்பாளர் எங்கள் கடிதத்திலிருந்த தமிழையே வாசித்துக் காட்டினார். இது உண்மையா என்று கேட்டார்கள். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன். புத்தி கெட்ட விசரி நான். இவர் திரைப் பக்கம் திரும்பி, "ஓம், உண்மைதான்" என்றார்.

அதோடு முடிந்தது. செய்தவர் இவர்தான் என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், விண்ணப்பத்துக்கு முந்தியே ஊருக்குத் திறந்து காட்டிவிட்டாரே, காட்டிய பொருளுக்கு உரிமை கிடையாது என்று காப்புரிமையை இரத்துச் செய்தது. மேல்முறையீட்டில் எங்கள் சட்டத்தரணி, வெள்ளோட்டத்தில் வெளிப்பக்கத்தை மட்டும்தான் காட்டினார் என்று வாதாடிப் பார்த்தார். அவரே உண்மை என்று சொல்லியிருக்கிறாரே என்று அதையும் தள்ளிவிட்டார்கள்.

அன்றிலிருந்து இவருக்கு ஒரே பாட்டு. "நான் கழட்டிக் காட்டேல்லை. மொழிபெயர்த்த ஆள் பிழை விட்டிட்டான்." எவரும் நம்பவில்லை. வெள்ளோட்டத்துக்கு வந்தவர்கள்கூட, தாங்கள் பார்க்காத நேரம் காட்டியிருப்பார் என்றே நினைத்தார்கள். தொழில் ரகசியத்தைத் தன் வாயாலேயே கொடுத்துவிட்டு வந்த மனுஷன் என்று கரை முழுக்கச் சிரிப்பு. எஞ்சின் திருத்த வருகிறவர்கள்கூட, "ஐயா, எங்களுக்கும் ஒருக்காக் கழட்டிக் காட்டுங்கோவன்" என்று பகிடி பண்ணுவார்கள். இவர் முகம் செத்துப்போகும்.

இரண்டாவது தீர்ப்பைத் தம்பி எனக்கு வாசித்துக் காட்டியபோதுதான், வழக்கைக் கவிழ்த்தது என் வரிதான் என்று விளங்கியது. பதினேழு கடிதத்திலும் ஒரே வரி இருந்ததை அதில் குறிப்பிட்டிருந்தார்கள். ஒரு வருஷம் அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு திரிந்தேன். போன மாதம் ஏலாமல் போய்விட்டது. குசினியில் இவர் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, அந்த வரியை ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் எழுதினனான்."

"தெரியும்" என்றார், தலை நிமிராமல்.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. அந்த மொழிபெயர்த்தவன் வாசிக்கேக்கயே. விளக்கமளித்தாராம். கரையில ஆருக்கு அப்பிடி எழுத வரும்?"

"பின்னை ஏன் ஓமெண்டு சொன்னனீங்கள்?"

"பொய்யெண்டு சொன்னா, கையெழுத்து வைச்ச பதினேழு பேரும் கள்ளராப் போவினமே. எழுதின நீ?" சட்டியைக் காட்டினார். "சொதி விடு."

சொதி விட்டேன். என் கண்ணீரும் அதில் விழுந்திருக்கும். அவர் புட்டைப் பிசைந்து சாப்பிட்டார்.

அடுத்த நாள் குச்சவெளியிலிருந்து ஒருவர் எஞ்சினோடு வந்தார். அதில் அந்தக் கம்பனியின் வளையம்தான் பூட்டியிருந்தது. கடல் மண் ஏறி இறுகிப் போயிருந்தது. அவரும் அதே பகிடியைச் சொன்னார். இவர், "அந்த மொழிபெயர்த்த ஆள்..." என்று தொடங்கினார்.

தேத்தண்ணியை வைத்துவிட்டு நான் சொன்னேன்: "மொழிபெயர்த்தவர் ஒரு பிழையும் விடேல்லை, தம்பி. இவர் கழட்டிக் காட்டவும் இல்லை. அது நான் எழுதின பொய். கரையில போய் எல்லாருக்கும் சொல்லுங்கோ."

வந்தவர் தேத்தண்ணியை எடுத்து ஊதினார்.

"உன்னை ஆர் கேட்டது? உனக்கு வாய் சும்மா கிடவாதே?" என்று இவர் என்னில் பாய்ந்தார். பிறகு வழக்கைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. எஞ்சினை அங்கேயே வைத்து, வந்தவர் பார்த்துக்கொண்டிருக்கத் திருத்தினார். வளையத்தை மட்டும் பட்டறைக்குள்ளே கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டுதான் திறந்தார்.