தாழை மரங்களுக்குப் போன பாதை

எங்களுக்குக் கனடியக் குடியுரிமை கிடைத்தது தொண்ணூறுகளின் நடுவில். புதுக் கடவுச்சீட்டோடு போன முதல் பயணம் ஹவாய். நாங்கள் குடியிருந்த மல்வேர்னில் முழங்காலளவு பனி கிடந்தபோது நானும் மனைவியும் மௌயி தீவில் போய் இறங்கினோம்.

தீவின் மறுகரையில் கறுப்பு மணல் கடற்கரையோடு மாநிலப் பூங்கா ஒன்று இருப்பதாக ஹோட்டலில் சொன்னார்கள். வாடகைக் காரில் காலையிலேயே கிளம்பினோம். ஓட்டியது நான். மனைவி மூன்றாவது தடவையில் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அவளிடம் நான் சாவி கொடுத்ததில்லை. "ஸ்னோ போகட்டும்" என்பேன். கோடையில் வேறு காரணம் சொல்வேன்.

பாதை மலையை ஒட்டி வளைந்து வளைந்து ஏறியது. கீழே செங்குத்தாகக் கடல். உயரம் எனக்கு ஆகாது என்பது அன்றுதான் தெரிந்தது. உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. ஒற்றைக் கார் மட்டும் போகக்கூடிய பாலத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினேன்.

"என்னாலை ஏலாது."

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அந்தச் சொல்லை அவளிடம் சொன்னதில்லை. அவள் சிரிக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் தந்தாள்.

"இங்காலை வந்து இருங்கோ. நான் ஓடுறன்."

ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்து, எதிரே வந்து வழிவிட்டவர்களுக்குக் கைகாட்டி, மெதுவாக ஓட்டினாள். என் வலக்கால் தன்பாட்டில் தரையை மிதித்தது.

"அங்கை பிரேக் இல்லையப்பா" என்றாள்.

மல்வேர்னுக்குப் பக்கத்தில், வோபர்னில் ஒரு ஷொப்பிங் மோல் பார்க்கிங்கில் அவளுக்குக் கார் ஓடப் பழக்கியபோது நான் போட்ட சத்தம் ஞாபகம் வந்தது. அவள் அழுதுகொண்டே இறங்கிப் போய் பஸ் பிடித்தாள்.

பூங்காவில் கறுப்புக் கற்களின் மேல் அலை வெள்ளையாக உடைந்தது. கரையெல்லாம் பச்சைப் புதர்.

"உது தாழையெல்லோ! இவ்வளவு தூரம் வந்து தாழை பாக்கிறம்!" என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். பாவாடை நனைந்து திரும்பி வந்தவளிடம் சொன்னேன்:

"பார்க்கிங்கிலை உன்னைப் பாத்து அப்பிடிக் கத்தியிருக்கக் கூடாது."

பாவாடை விளிம்பைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"கத்தினது பரவாயில்லை. ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுத்தியள். அதுக்குத்தான் பயந்தனான்."

"இனிப் பிடிக்க மாட்டன்."

"பாப்பம்."

திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள். இப்போது கடல் என் ஜன்னலுக்கு நேர் கீழே. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கையிரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு, வாயே திறக்காமல் வந்து சேர்ந்தேன்.