எல்லிங்ஸ்ருட்டில் ஏழாவது ஆள்

2025 செப்டெம்பர் 27, சனிக்கிழமை. சூசைரட்ணத்துக்கு அன்று தேவைப்பட்டது ஏழு பேர். பதினொரு பேர் வந்தால் நல்லது, ஏழு பேர் வந்தால் போதும். அதற்குக் கீழே போனால் ஆட்டம் கிடையாது. இந்தப் பருவத்தில் ஆள் போதாமல் ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களைக் கைவிட்டாயிற்று. மூன்றாவதும் போனால், நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் உதைபந்தாட்டத் தொடரிலிருந்து அணியின் பெயரையே வெட்டிவிடுவார்கள்.

அவருக்கு அறுபத்தொரு வயது. இலங்கையில், யாழ்ப்பாணத்துக்கு வெளியே பேசாலையில் பிறந்தவர். 1988இல் நோர்வேயின் வடக்குக் கரைக்கு மீன் வெட்டும் வேலைக்கு வந்தார். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, இன்றுவரை பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறார். வீடு ரொம்மனில். 1996இல் இந்த அணியைத் தொடங்கிய பதின்மூன்று பேரில் மிச்சம் அவரும் குலேந்திரனும்தான். வலது முழங்கால் போனதும் சூசைரட்ணம் பந்தை விட்டார். அணியை விட மனம் வரவில்லை, மனேஜரானார்.

ஆள் சேர்க்க அவர் கண்டுபிடித்த வழி ஒரு சின்னக் காஸ் கிறில் அடுப்பு. இரண்டு தோசைக்கல் அகலம் இருக்கும். எல்லிங்ஸ்ருட் மைதான ஓரத்தில் காரைப் பின்பக்கமாக நிறுத்துவார். டிக்கிக் கதவைத் தூக்கிவிட்டால் மழைக்குக் கூரை. அதற்கு முன்னால் மடக்கு மேசை, மேசையில் கிறில். வியாழன் இரவு வட்ஸ்அப்பில் "ஆட்டம் இருக்கு" என்று அவர் எழுதுவதில்லை. "கணவாய், கம்பியிலை குத்தினது" என்று எழுதுவார். இன்னொரு கிழமை, மிஞ்சிய பிட்டை முட்டையோடு பிசைந்து அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்டது. மற்றொரு கிழமை, பாணுக்குள் மாசிச் சம்பலும் சீஸும் வைத்து அமத்தியது. மிளகு தூவிச் சுட்ட அன்னாசிக்கு பக்கத்து ஊர் லோறென்ஸ்கூக்கிலிருந்துகூட ஆள் வந்தது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்காகக் கிறில்லின் நடுவில் அலுமினியத் தாளை மடித்து நிறுத்தி இரண்டாகப் பிரிப்பார்.

"யாழ்ப்பாணத்தாரோடை பழகிப் பழகி அடுப்புக்கும் வேலி போட்டிட்டியள் அண்ணை" என்பார் குலேந்திரன்.

"வேலி இல்லாட்டி நீங்கள் சண்டை பிடிக்க வேறை சாட்டெல்லோ தேடுவியள்!"

மனைவி அனஸ்ரேசியாவுக்கு மட்டும் இதில் நம்பிக்கை இல்லை. "உங்கட ரீமுக்குப் பந்து தேவையில்லையப்பா. ஆளுக்கொரு பிளேட்டைக் குடுத்து விடுங்கோ, காணும்."

அந்த வியாழன் அவர் எழுதியது: "ஆட்டு விலா. மிளகு, பெருஞ்சீரகம், பழப்புளி. ரெண்டு நாள் ஊறினது." பதிலுக்கு ஒன்பது பெருவிரல் குறிகள் வந்தன. ஒன்பது என்றால் நிம்மதி.

சனிக்கிழமை பத்தேகாலுக்கு விலா எலும்புகள் பொரிந்துகொண்டிருந்தன. வந்திருந்தது ஆறு பேர். பத்தரைக்கும் ஆறு. பதினொரு மணிக்கு ஆட்டம். வராத மூவரில் லதீசனும் அருளானந்தனும் போனை எடுக்கவில்லை. குலேந்திரன் எடுத்தார்.

"எங்கை நிக்கிறாய்?"

"வீட்டிலை அண்ணை."

"வீட்டிலை என்ன செய்யிறாய்? விலா கருகுது!"

"அண்ணை... இண்டைக்குப் புரட்டாதிச் சனி."

சூசைரட்ணம் இடுக்கியை மேசையில் வைத்தார். இருபத்தொன்பது வருடத்தில் பருவம் ஒருநாளும் புரட்டாதிவரை இழுபட்டதில்லை. இந்த வருடம் மைதானத்துக்குப் புதிய செயற்கைப் புல் போட்டதில் எல்லா ஆட்டமும் ஒரு மாதம் பின்னால் போய்விட்டது. கத்தோலிக்கரான அவருடைய கலண்டரில், சைவர்கள் மச்சம் தொடாத அந்த விரதம் இல்லை.

"பிறகேன் பெருவிரல் போட்டனி?"

"ரெண்டு நாள் ஊறப்போட்ட மனிசனிட்டை எப்பிடி வேண்டாம் எண்டுறது? நான் ஒராள் வராட்டி என்ன எண்டு நினைச்சன். மற்ற ரெண்டு பேரும் அப்பிடித்தான் நினைச்சிருப்பினம்."

"சரி, சாப்பிடாதை. சோளம் வாங்கிச் சுட்டுத் தாறன். கிறில்லை இப்பவே கழுவுறன். விளையாட வா, ராசா. ஒராள்தான் குறையுது."

குலேந்திரன் குரலைத் தாழ்த்தினார்.

"விளையாட ஆர் அண்ணை வந்தவை? எனக்கு நாரிப்பிடிப்பு, லதீசனுக்குப் பிரசர். நாலு வருசமா நாங்கள் சாப்பிடத்தானே வந்தனாங்கள். உங்களுக்கும் தெரியுந்தானே."

சூசைரட்ணத்துக்குத் தெரியாது. போனைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார்.

எதிரணித் தலைவன் மார்க்கஸ் மணம் பிடித்துக்கொண்டு வந்து, ஒன்று எடுக்கலாமா என்று கேட்டான். சூசைரட்ணம் தட்டையே நீட்டினார். பிறகு டிக்கிக்குள் கிடந்த பையிலிருந்து பன்னிரண்டாம் இலக்கச் சட்டையை எடுத்து மாட்டினார். விளையாட்டுக்காரர் பட்டியலில் ஒவ்வொரு வருடமும் தன் பெயரையும் அவர் பதிந்தே வந்திருந்தார்.

"அண்ணை, விசரா? முழங்கால்!" என்றான் கோல்காப்பாளன் ஜோன்சன்.

"நான் ஓடேல்லை. ஒரு மூலையிலை நிக்கிறன். ஏழு பேர் நிண்டாச் சரி."

பதின்மூன்று நிமிடம் நின்றார். பதினான்காவது நிமிடத்தில் பந்து அவர் பக்கமாகவே உருண்டு வந்தது. தொடாமல் விட்டிருக்கலாம். பழைய பழக்கத்தில் வலது காலை நீட்டினார். விழுந்தவர் எழும்பவில்லை. ஜோன்சனும் மார்க்கஸும் ஆளுக்கொரு தோளாகப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். நடுவர் மைதானத்தில் நின்ற தமிழரை எண்ணினார். ஆறு. விசில் ஊதி ஆட்டத்தை முடித்தார்.

தாங்கள் ஐந்து பேரைக் குறைக்கிறோம், ஆறுக்கு ஆறாகச் சும்மா விளையாடி முடிப்போம் என்று மார்க்கஸ் கேட்டுப் பார்த்தான். விளையாடுங்கள், பதிவில் வராது என்றார் நடுவர். ஒருவரும் விளையாடவில்லை. எதிரணியினர் கிறில்லைச் சுற்றி நின்று விலாவை முடித்தார்கள். இவ்வளவு ருசியான ஒன்றை மைதானத்தில் தின்றதே இல்லை என்று ஒருவன் வந்து சூசைரட்ணத்தின் கையைக் குலுக்கினான். அவர் காரின் பின்விளிம்பில் காலை நீட்டி உட்கார்ந்து, நன்றி என்றார்.

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. அணி தொடரிலிருந்து நீக்கப்பட்டது. ஏப்ரலில் அந்த இடத்தில் வேறொரு அணி விளையாடும்.