மஞ்சள் கல்லில் ஒரு நிமிசம்

துஷ்யந்தி வெள்ளைத்தடியைக் கொழும்பின் காலி வீதியை நோக்கி, ரயில் கடவைக் கட்டை மாதிரி நீட்டிப் பிடித்திருக்கிறாள். பஸ் நிற்காமல் என்ன செய்யும்? நின்றதும், தம்பி, நம்பர் என்ன என்று சிங்களத்தில் கேள்வி பறக்கும்: "மல்லி, நம்பர் கீயத?" கொண்டக்டர் நம்பரைச் சொல்லும்வரை தடி இறங்காது.

வயது நாற்பத்து மூன்று. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் தொலைபேசிக்குப் பொறுப்பு. பார்வை இல்லாதவள், பதினான்கு வருடமாக வெள்ளவத்தையிலிருந்து தனியே போய்வருகிறாள். புடவைக்கடை வாசலின் ஏசிக் குளிர் வந்தால் பாதி வழி. பேக்கரியின் மாலுபாண் மணம் வந்தால் பஸ் தரிப்பு கிட்ட. நடுவில் மூடியில்லாத சாக்கடைக் கான் ஒன்று, அது நாற்றத்தாலேயே தன்னை அறிவித்துக்கொள்ளும்.

வெள்ளவத்தைச் சனம் இரக்கத்தில் குறை வைப்பதில்லை. கேட்காமலே கையைப் பிடித்து வீதியைக் கடத்திவிடும். பஸ்ஸுக்கு நின்றவளை ஒரு பெரியவர் அப்படி எதிர்ப்பக்கம் சேர்த்துப் புண்ணியம் தேடிக்கொண்டார். "ஐயா, எடுத்த இடத்திலயே கொண்டுபோய் வையுங்கோ" என்றாள். திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.

அவளுக்கு ஆகாத சொல் இரண்டு. ஒன்று, "பாவம்". மற்றது, "ஒரு நிமிசம்". காலுக்கு வழி சொல்லத்தான் நடைபாதையில் மஞ்சள் புடைப்புக் கல் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் யார் எதை வைத்தாலும் இந்த ஒரு நிமிசம்தான் சாட்டு. போன வெள்ளிக்கிழமை அங்கே நின்ற மோட்டார் சைக்கிளைச் சுற்றிப் போகப்போய்த்தான் கானுக்குள் விழுந்தாள். முழங்காலில் நாலு தையல்.

அண்ணன் லோகேஸ்வரன் அவளைக் கந்தோருக்கு ஏற்றி இறக்க ஒரு வான்காரனோடு கதைத்து வைத்துவிட்டார். "இன்னொருக்கா விழுந்தியெண்டால் வான்தான். பிறகு கதையில்லை."

"அவன் வராத நாளில நான் என்ன செய்யிறது? அவன்ர நேரத்துக்கோ என்ர சீவியம்?"

வானில் ஒருமுறை ஏறினால் பிறகு தனியே இறங்கி நடக்க விடமாட்டார்கள். கானைவிட அவளுக்கு அதுதான் பயம்.

திங்கட்கிழமை கட்டுப்போட்ட காலோடு வந்தாள். அதே இடத்தில் தடி டயரில் முட்டியது. சுற்றிப் போனால் கான். துஷ்யந்தி தடியை மடித்தாள். சீற்றைத் தடவிப் பார்த்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். ஹாண்டிலில் துழாவிய கைக்குப் பூட்டில் தொங்கிய திறப்பு அகப்பட்டது. உருவி எடுத்தாள்.

பார்மசிக்குள்ளிருந்து ஒருவன் ஓடிவந்தான். "ஐயோ அக்கா, என்ன இது! ஒரு நிமிசத்துக்குத்தானே விட்டனான். திறப்பைத் தாங்கோ, எடுக்கிறன்!"

"ஓம் தம்பி, தாறன். ஒரு நிமிசம்."

திறப்பைக் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினாள். பிறகு மடித்த வெள்ளைத்தடியின் நாலு துண்டையும், ஒவ்வொன்றாக, ஆறுதலாக, பொருத்தத் தொடங்கினாள்.